ஸ்பீக்கர் அங்கேயே இருக்கட்டும்

மக்கா,

இதை ரயிலில் உட்கார்ந்து படி. விருதுநகர் தாண்டியதும் முகம் கழுவி, ஒரு காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, நிதானமாகப் படி. நம் ஊர் வருவதற்குள் முடித்துவிடலாம். முடிக்காமல் இறங்காதே. போனில் எதைச் சொன்னாலும் 'சரிம்மா, சரிம்மா' என்று வைத்துவிடுகிறாய். அந்தச் 'சரிம்மா'வுக்கு என்ன அர்த்தம் என்று உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா? அதனால்தான் எழுதி உன் போனுக்கு அனுப்புகிறேன். ஸ்டேஷனில் இறங்கியதும் நம் வீட்டுக்குப் போகாதே. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி எழுதுவதெல்லாம் ஏன் போகக் கூடாது என்பதற்காக.

நேற்று சாயங்காலம் உன் அப்பா உன்னிடம் ரகசியம் பேசினார். நாங்கள் இப்போது வந்து இருக்கிற இந்த வாடகை வீட்டின் பின்பக்கம், துணி காயப்போடுகிற இடத்தில் நின்றுகொண்டு, போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசினார். "மக்கா, நீ வா. நாம ரெண்டு பேருமா போயி அந்த ஸ்பீக்கர எடுத்துட்டு வந்துருவோம். ஒரு நிமிஷம்தான். அம்மைட்ட சொல்லாத." காது மந்தமான மனுஷனுக்கு ரகசியம் பேச வராது. பக்கத்து வீட்டுக்காரி சட்டி கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ என்ன பதில் சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் போனை மடியில் சொருகிக்கொண்டு வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நீ 'சரிப்பா' என்று சொல்லியிருக்கிறாய்.

இந்தக் கடிதத்தை நம் நகர் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடப்போகிறேன். நமக்கு நேர்ந்தது அங்கே வீடு கட்டியிருக்கிற வேறு யாருக்கும் நேரலாம். ஆகவே உனக்குத் தெரிந்த கதையையும் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். திருவேங்கடம் ரோட்டில் கரிசல் காட்டை பிளாட் போட்டு விற்றபோது, வந்தவர்கள் எல்லோரும் ரோட்டை ஒட்டிய மனை வேண்டும், கிழக்குப் பார்த்த மனை வேண்டும் என்று அலைந்தார்கள். உன் அப்பா மட்டும், "இந்தக் காட்டுல கிணறு எங்கன கிடந்துச்சு?" என்று கேட்டார். கிணற்றை மூடிச் சமப்படுத்திக் கல் ஊன்றியிருந்தார்கள். அந்த மனையைக் கேட்டு வாங்கினார். வானத்தைப் பார்த்து விதைக்கிற ஊரில் பிறந்த மனுஷனுக்கு அதைவிட ராசியான இடம் வேறு இருக்க முடியாது. எனக்கும் அன்றைக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். கிணறு கிடந்த இடத்தின் மேல் ஹால் வந்தது. ஹாலின் ஈசானிய மூலைச் சுவருக்கு வெளியே போர் போட்டோம். கோடையில் தெருக் குழாயெல்லாம் தண்ணீர் இல்லாமல் வெறும் காற்றாக வரும்போது நம் வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் கொட்டும். குடத்தோடு வருகிறவர்களிடம் அப்பா, "கிணத்துத் தண்ணியாக்கும், வத்தாது" என்பார். அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருக்கும்.

அப்புறம் நீ ஸ்பீக்கர் அனுப்பினாய். ஆடித்தபசுக் கூட்டம் ஓய்ந்து ஊர் மூச்சுவிட்ட சமயம். விசைத்தறிக்குள்ளேயே ஆயுசைக் கழித்ததில் அப்பாவின் காது போய்விட்டது. டி.வி. சத்தம் எட்டவில்லை, பாட்டு கேட்க முடியவில்லை, மனுஷன் வாடிப்போனார். அதைப் பார்த்துவிட்டு நீ ஒரு ஆம்ப்ளிஃபயரும் இடுப்புயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கரும் வாங்கி அனுப்பினாய். அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், நான் சொல்கிறேன். ஆனால் போட்டுப் பார்த்தால், அவ்வளவு பெரிய பெட்டியிலிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது. மேளம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. பாடுகிறவன் தகர டப்பாவுக்குள் நின்று பாடுகிற மாதிரி இருந்தது. உனக்குப் போன் போட்டேன். நீ சிரித்தாய். "ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்லம்மா. ரூம்தான் சரியில்ல" என்றாய். அந்த வார்த்தை இப்போதும் காதிலேயே நிற்கிறது.

நீ சொல்லிக்கொடுத்ததை எல்லாம் செய்தேன். வீடியோ காலில் போனை ஜன்னல் கம்பியில் செருகி வைத்துவிட்டு, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தேன். முதலில் வயர். அப்பா ஒரு பெட்டிக்குச் சிவப்பைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் மாட்டியிருந்தார். அப்படி மாட்டினால் ஒரு பெட்டி முன்னால் தள்ளுகிற சத்தத்தை இன்னொன்று பின்னால் இழுத்துவிடும், பேஸ் என்கிற அடிச்சத்தம் எல்லாம் அதிலேயே செத்துப்போகும் என்று நீ சொன்னாய். மாற்றியதும் கொஞ்சம் உயிர் வந்தது. அடுத்து, ஷோகேஸ் ஓரத்தில் நெருக்கி நிறுத்தியிருந்த பெட்டிகளைப் பிரித்து வைத்து, சுவரை ஒட்டித் தள்ளி, உட்காருகிற இடத்தைப் பார்த்துத் திருப்பச் சொன்னாய். ரூமின் நட்டநடுவில் உட்கார்ந்தால் பேஸ் கேட்காது என்று நாற்காலியையும் நகர்த்தச் சொன்னாய். அப்புறம் கையைத் தட்டச் சொன்னாய். தட்டினால் ஹால் முழுக்க ணங்கென்று சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. டைல்ஸ் தரை, வெறும் சுவர், மேலே தளம், துணி என்று ஒன்று இல்லை. "தறிக்காரங்க வீட்ல துணிக்கா பஞ்சம்?" என்று கேலி பண்ணினாய். ஜன்னலுக்குத் திரை தைத்தேன். விலைக்குப் போகாத சேலைக் கட்டுகளை மூலைகளில் அடுக்கினேன். ஜமுக்காளத்தைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். ஹால் கல்யாண வீட்டுச் சாமான் அறை மாதிரி ஆகிப்போனது.

துணி அந்த ணங் சத்தத்தை அடக்கியது. பாடுகிறவன் டப்பாவை விட்டு வெளியே வந்தான். ஆனால் மேளம் வரவில்லை. அடிச்சத்தத்தை யாரோ வழியில் வாங்கி வைத்துக்கொள்கிற மாதிரியே இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், உன் அப்பாவுக்கு மட்டும் குறையே தெரியவில்லை. அவர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் ஈசானிய மூலைப் பக்கம் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துகொள்வார். "ஏட்டி, இங்கன வந்து உக்காந்து பாரு. எவ்வளவு அருமையா கேக்கு!" என்பார். நான் போய் உட்கார்ந்தால் என் காதுக்கு அதே கீச்சுச் சத்தம்தான். கிழவருக்குக் காதோடு மூளையும் மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

நீ கடைசியாக ஒரு வழி சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? பெட்டியைத் தூக்கி நாம் உட்காருகிற இடத்தில் வைத்துவிட்டு, பேஸ் நிறைய இருக்கிற ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, ரூம் முழுக்க நடந்து பார்க்கச் சொன்னாய். எந்த இடத்தில் நின்றால் பேஸ் நன்றாகக் கேட்கிறதோ அந்த இடத்தில் பெட்டியை வைத்தால் சரியாகிவிடும் என்றாய். ஒரு மத்தியானம் அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது அதைச் செய்தேன். சுவரை ஒட்டியே வெறுங்காலோடு நடந்தேன். ஈசானிய மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். காதுக்கு ஒன்றும் வரவில்லை. காலுக்கு வந்தது. பாட்டின் மேளம் முழுக்க என் உள்ளங்காலுக்குக் கீழே இருந்தது.

இதை எழுதும்போதும் எனக்குக் கால் கூசுகிறது. தறிக்கூடத்தில் காதுக்கு வேலை கிடையாது என்பது உனக்குத் தெரியும். பேச்செல்லாம் கைச்சாடைதான். எந்தத் தறி கோளாறு பண்ணப்போகிறது என்பது உள்ளங்காலுக்குத்தான் முதலில் தெரியும். அடிபோல்ட் தளர்ந்த தறிப் பக்கம் போனால் தரை வேறு மாதிரி நடுங்கும். நீ கைக்குழந்தையாக இருக்கும்போது அந்தக் கூடத்தில்தான் தொட்டில் கட்டியிருந்தோம். அவ்வளவு இரைச்சலிலும் நிம்மதியாகத் தூங்குவாய். கரண்ட் போய்த் தறி நின்றால் வீறிட்டு எழுந்துவிடுவாய். அப்படிப்பட்ட இரைச்சலில் பிழைத்தவள் நான். தரை நடுங்குவது எனக்குப் புதிது இல்லை. ஆனால் தறி நடுக்கம் மேலிருந்து கீழே போகும். இது கீழே இருந்து வந்தது. குனிந்து அம்மிக் குழவியால் டைல்ஸைத் தட்டினேன். வாசல் பக்கம் ணக் ணக் என்றது. நாற்காலி போட்ட இடத்தில் டொம் என்றது.

அன்றைக்கே உனக்குச் சொன்னேன். "டைல்ஸ் சரியா ஒட்டியிருக்க மாட்டாங்கம்மா. எல்லா வீட்லயும் இருக்கிறதுதான். தை மாசம் என் கல்யாணத்துக்கு முன்ன மாடி எழுப்பணும்லா, அப்ப பாத்துக்கிடலாம்" என்றாய். மாடி என்றதும்தான் எனக்குப் பயம் பிடித்தது. அந்தத் தரைக்கு மேலே இன்னொரு வீடு. அதில் நீயும், நாளைக்கு வரப்போகிற அந்தப் பிள்ளையும். அப்பாவிடம் சொன்னேன். அவர் மூலையில் ஓடியிருந்த விரிசலைப் பார்த்தார். சன்னமாக, படிக்கட்டு மாதிரி ஏறிப் போயிருந்தது. கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த புற்றுமண்ணைக் குழைத்து அதில் பூசிவிட்டு, "போதுமா? இனி சரியாயிரும்" என்றார். சொறிசிரங்குக்குப் பூசுகிற மண்ணைச் சுவருக்குப் பூசிய ஆள் இந்த ஜில்லாவிலேயே உன் அப்பா ஒருத்தராகத்தான் இருப்பார். நான் அதன் மேலேயே தறியில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியைத் தடவி ஒரு காகிதத் துண்டை ஒட்டினேன். விரிசல் நகர்ந்தால் காகிதம் கிழியும் அல்லவா? ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் காகிதம் ரெண்டாக இருந்தது.

எதிர்வீட்டு மாடசாமியிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அந்தக் காட்டைச் சமப்படுத்தியபோது டிராக்டர் ஓட்டியவன் அவன்தான். "மாடசாமி, அந்தக் கிணத்துக்குள்ள என்னத்தப்பா போட்டு மூடுனீங்க?" என்றேன். அவன் பல்லில் குச்சி குத்திக்கொண்டே ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான். "கல்லுக்கு எங்க போக மதினி? தறிக்கூடத்துக் கழிவு ஊர்ப்பட்டது கிடந்துச்சு. பஞ்சு, அறுந்த நூலு, ஒடஞ்ச கட்ட, தென்னமட்ட எல்லாத்தயும் அள்ளித் தள்ளி மேல கரிசல போட்டு மெத்துனோம். அண்ணாச்சிதான் கிணத்து மனைன்னு ஆசையா வாங்குனாவளே, ஒங்களுக்குத் தெரியாதா?" கிணறு இருந்தது தெரியும், மாடசாமி. ஊர் பூராவும் சொல்லிப் பீற்றிக்கொண்டோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. இதைப் படிக்கும்போது அவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. போடச் சொன்னதை அவன் போட்டான்.

அதற்கப்புறம் போர்த் தண்ணீரைக் கவனிக்க ஆரம்பித்தேன். மழைக்குக் கலங்கி வருகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வாளியில் பிடித்துத் தெளியவிட்டுப் பார்த்தால் அடியில் கறுப்பாக வண்டல். விரலை விட்டு எடுத்தால் தலைமுடி போல ஏதோ சுற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் வைத்துப் பார்த்தேன். நூல். மக்கிப்போன நூல். எனக்கு நூலைத் தெரியாதா மக்கா? எத்தனையோ கோடையாக இந்தத் தெருவே குடம் குடமாகப் பிடித்துக்கொண்டு போனது தண்ணீர் மட்டும் இல்லை. நம் ஹாலுக்கு அடியில் கிடந்ததையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்துகொண்டு போயிருக்கிறார்கள். நானேதான் மோட்டார் சுவிட்சைப் போட்டு விட்டிருக்கிறேன்.

சுவரும் தரையும் சேருகிற இடத்தில், மூலையில் ஒட்டிய டைல்ஸ் பட்டை ஒன்று தானாகவே விழுந்து கிடந்தது. அந்த இடத்தில் விரல் நுழைகிற அளவு இடைவெளி. ஒரு பாவு நூலில் தறி நட்டு ஒன்றைக் கட்டி உள்ளே விட்டேன். ஒரு சாண் போய்த் தட்டி நிற்கும், மனசுக்குச் சமாதானமாகப் போகும் என்றுதான் விட்டேன். நூல் போனது. நூல்கண்டிலிருந்து உருண்டு உருண்டு போய்க்கொண்டே இருந்தது. நிறுத்திவிட்டு இழுத்தேன். நட்டு நனைந்து வந்தது. நான் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்திருக்கக்கூட பயம். தவழ்ந்துதான் வாசலுக்கு வந்தேன். உன் அம்மா, தன் வீட்டு ஹாலில், பட்டப்பகலில், தவழ்ந்து வெளியே வந்தாள். இதை நீ நினைத்துப் பார்.

உள்ளே திரும்பிப் பார்த்தால், நான் நூலை விட்டுக்கொண்டிருந்தபோதே வந்து பாட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்ட அப்பா நாற்காலியில் இருக்கிறார். பாட்டு ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு, காலைத் தரையில் ஊன்றி, தலையை ஆட்டிக்கொண்டு இருக்கிறார். சரியாக அந்த இடத்தில். அவருக்கு ஏன் அங்கே நன்றாகக் கேட்டது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சத்தம் போட்டேன், காதில் விழவில்லை. கையைக் காட்டினேன், கண்ணைத் திறக்கவில்லை. ஓடிப்போய் உலுக்கலாம் என்றால், நானும் சேர்ந்து அந்த இடத்தில் நிற்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. கடைசியில் தறிக்கூடத்தில் செய்கிற மாதிரி வாசல்படியை வெளக்குமாற்றுக் கட்டையால் ஓங்கி அடித்தேன். அந்த அதிர்வு அவர் காலுக்கு எட்டியது. கண்ணைத் திறந்தார். 'வா' என்று சாடை காட்டினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "இந்தப் பாட்டு முடியட்டும். ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷத்தை உனக்கும் தெரியும். ஓடுகிற தறிக்குள், ஊடு நூலைக் கொண்டு ஓடுகிற நாடா சிக்கியபோது, நிறுத்திவிட்டு எடுங்கள் என்று நான் சாடை காட்டக் காட்ட, 'ஒரு நிமிஷம்' என்று விரலைக் காட்டிவிட்டு அதே விரலை உள்ளே விட்ட மனுஷன் அவர். அந்த விரலின் நுனி திரும்ப வரவில்லை. நீ ஸ்கூல் பையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று முழுக்க நீ சாப்பிடவில்லை. மறந்துவிட்டாயா? அப்படிப்பட்டவர் உன்னிடம் போனில் 'ஒரு நிமிஷம்தான்' என்கிறார், நீயும் தலையாட்டுகிறாய். எனக்கு உன் மேல் ஆத்திரமாக வருகிறது. அதைவிடப் பயமாக வருகிறது.

அவரை எப்படி வெளியே கொண்டுவந்தேன் என்று கேட்டால், ஒரு டைல்ஸ்தான் கொண்டுவந்தது. நாற்காலியின் பின்கால் நின்ற டைல்ஸ் டப்பென்று வெடித்தது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. கொஞ்சம்தான், ஒரு விரல்கடை இருக்கும். அப்பாவின் முகம் மாறியது. சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. கால் சொல்லியிருக்கும். எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல், சுவரோரமாகவே நடந்து என்னிடம் வந்தார். கதவைச் சாத்தப் பார்த்தேன், நிலையில் உட்காரவில்லை. அப்படியே ஒப்புக்குச் சாத்தி, பூட்டை மாட்டிவிட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து தெருவில் நின்றோம். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தெருவில் நின்றால், மக்கா, அந்தப் பாட்டு முழுசாகக் கேட்டது. கீச்சுச் சத்தம் எதுவும் இல்லை. வெறும் மேளம். தும், தும் என்று, வீடு முழுக்க ஒரே மேளமாக. நீயும் நானும் இத்தனை மாதமாகத் திரையும் ஜமுக்காளமும் கட்டித் தேடிய சத்தம். அப்பா காம்பவுண்டுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "இப்பதாம்ட்டி நல்லா கேக்கு" என்றார்.  மாடசாமி ஓடிவந்து வெளியே இருக்கிற மீட்டர் பெட்டியில் பியூஸைப் பிடுங்கினான். மேளம் நின்றது. அந்த நிசப்தத்தில் உள்ளே எங்கேயோ மண் சரிகிற மாதிரி, அரிசி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மாடசாமிக்கும் கேட்டது. அப்பாவுக்கு மட்டும் கேட்கவில்லை. அதனால்தான் இப்போது அவருக்குத் தைரியம் திரும்பிவிட்டது.

தென்காசியிலிருந்து ஒரு என்ஜினியர் திங்கட்கிழமை வருகிறார். விவரம் கேட்டுவிட்டு, அதுவரை ஒருத்தரும் உள்ளே காலை வைக்காதீர்கள் என்று சொன்னார். 'அவன் சும்மா பயங்காட்டுதான்' என்கிறார் அப்பா. நீ சனிக்கிழமை காலையில் வருகிறாய். நடுவில் இருக்கிற அந்த ரெண்டு நாளை நினைத்துத்தான் நான் இதை எழுதுகிறேன். ஒரு பெட்டியை ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாது. நீ ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், நடுவில் அந்தப் பாரம், மூன்றும் சேர்ந்து அந்தத் தரையில் நடப்பதை நான் கண்ணை மூடினால் பார்க்கிறேன். நீ ஆசையாக வாங்கிக் கொடுத்தது, அவர் உயிராக வைத்திருந்தது, எல்லாம் சரிதான். எனக்கு நீங்கள் ரெண்டு பேரும்தான் வேண்டும். ஸ்பீக்கர் அங்கேயே இருக்கட்டும்.

மாடிப் பேச்சை விட்டுவிடு. கல்யாணத்துக்கு மண்டபம் இருக்கிறது. பெண்ணை இந்த வாடகை வீட்டுக்கே அழைத்து வரலாம். பின்பக்கம் துணி காயப்போடுகிற அளவுக்குத்தான் இடம், ஆனால் தரை கெட்டியாக இருக்கிறது, நான் தட்டிப் பார்த்துவிட்டேன். அந்த வீட்டாரிடம் நானே பேசுகிறேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கட்டிக்கொள்ளப்போகிறவனுக்கு ஒரு அம்மா ஆயிரம் புத்தி சொல்வாள். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன் வீட்டுக்கு வருகிறவள் என்றைக்காவது, என்னமோ சரியில்லை என்று சொன்னால், ஏன் எதற்கு என்று அவளை நிற்கவைத்துக் கேட்காதே. முதலில் அவளோடு எழுந்து வெளியே வா. காரணத்தைத் தெருவில் நின்று கேட்டுக்கொள்ளலாம்.

குரூப்பில் இருக்கிறவர்களும் அவரவர் வீட்டில் தரையைத் தட்டிப் பாருங்கள். கிணறு எங்கே கிடந்தது என்று மாடசாமிக்குத் தெரியும், கேளுங்கள். எங்கள் வீட்டுக் குழாயில் இனி தண்ணீர் வராது. யாரும் குடத்தோடு கேட்டுப் பக்கம் போக வேண்டாம், பிள்ளைகளையும் அந்தக் காம்பவுண்டுப் பக்கம் விளையாட விடாதீர்கள்.

இவ்வளவு நேரத்துக்கு ராஜபாளையம் தாண்டியிருப்பாய். அப்பாவின் சாவியை நேற்றே எடுத்து ஒளித்துவிட்டேன். வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார், தேடட்டும். இன்னொரு சாவி உன் பையில் இருக்கிறது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், மக்கா. ஆரம்பத்திலேயே நீ சொன்னது சரிதான். ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. ரூம்தான் சரியில்லை. ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். அப்பாவும் கூட வருவார். அவரைப் பார்த்துச் சிரிக்காதே, கண்ணைக் காட்டாதே. நேரே என்னிடம் வந்து அந்தச் சாவியை என் கையில் வை. அப்புறம் இந்த வாடகை வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடலாம்.

உன் அம்மா